மெருகிடும் கைகள்

பொருளை ஆக்குவோரை உலகம் அறியும். ஆக்கிய பொருளைக் காப்போரை அவ்வளவாக அறிவதில்லை. பள்ளிவாசலைக் கட்டுவித்தவரின் பெயர் வாயிற்கல்லில் பொறிக்கப்பெறுகிறது. அதன் தரையை நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் கழுவித் துடைத்த மோதினார் மறைந்த பின், மையவாடியில் அவருடைய கபுறைக் காட்டுவதற்கே ஆள் தேட வேண்டியிருக்கிறது. நூலை யாத்தவர் பெயரை அறிவோம். அந்நூலைச் செல்லரிக்காமல் நூறாண்டு பேணியவர்களின் பெயரை அறியோம். பெருமை முன்னவர்க்கும் இளக்காரம் பின்னவர்க்குமாகவே நம்மிடையே பங்கிடப்பட்டிருக்கின்றன.

நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் நேயர்கள் சிலருக்குப் புன்முறுவலை வரவழைக்கலாம். மோட்டார் வண்டிகளுக்கு மெருகுக் குழம்பும், தோல் இருக்கைகளுக்குப் பதக் குழம்பும் செய்து விற்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்றைப் பற்றி, அரபும் தமிழும் ஓதிக் கொடுக்கும் ஓர் ஆசிரியருக்கு என்ன பேச்சு வேண்டிக் கிடக்கிறது என்று கேட்கவும் கூடும். கேள்வி நியாயமானதே. சொந்தமாக ஒரு மிதிவண்டிக்கு மேல் எதையும் நாம் வைத்திருந்ததில்லை. ஆயினும் நம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு மனவருத்தம், இத்தொழிலின் வரலாற்றைத் தேடிப் படிக்குமாறு நம்மைத் தூண்டிற்று.

நம் லாத்தாவின் மகன் ஆறாண்டுகளாகத் துபாயில் இருக்கிறான். நம்மிடம் மூன்றாண்டுகள் ஸர்பும் நஹ்வும் ஓதியவன். வாப்பா மவுத்தானபின் குடும்பச் சுமை தோளில் ஏறவே, ஓதலை நிறுத்திவிட்டுக் கடல் கடந்தான். அங்கே கார்களைக் கழுவி, கீறல் நீக்கி, மெருகேற்றி, உள்ளிருக்கும் தோலைப் பேணும் ஒரு பட்டறையில் வேலை. ‘டீட்டெய்லிங்’ என்று இப்போது அதற்குப் பெயர் வழங்குகிறது. தங்கைக்குத் திருமணம் முடித்தான்; வீட்டுக் கடனை அடைத்தான். சென்ற ஆண்டு அவனுக்கு ஒரு சம்பந்தம் பேசப்பட்டது. பேச்சு நல்லபடியாகவே நடந்தது. பிறகு ஒருநாள், “மாப்பிள்ளை அங்கே கார் துடைக்கிறாராமே!” என்ற ஒற்றை வரியோடு அவ்வீட்டார் விலகிக்கொண்டனர்.

லாத்தா அழவில்லை. ஆனால், சில நாட்கள் கழித்து நம்மிடம், “தம்பி, அடுத்த இடத்திலே சூப்பர்வைசர் என்று சொல்லிவிடுவோமா?” என்று கேட்டார். அக்கேள்விதான் நம்மை வருத்திற்று. சம்பந்தம் தவறிப்போவது நஸீபு. ஹலாலான சம்பாத்தியத்தை மறைக்க ஒரு பொய்யைத் தேட வேண்டிய நிலைக்கு ஒரு தாய் ஆளாக்கப்படுவது அப்படிப்பட்டதன்று. அது நாமாகச் செய்துகொண்ட கேடு. “அவன் விடுமுறையில் வரட்டும், முதலில் அவன் செய்வது என்ன தொழில் என்று கேட்டறிவோம், பிறகு என்ன சொல்வதென்று முடிவு செய்யலாம்” என்று லாத்தாவுக்கு விடை கூறினோம்.

வந்தான். அவனுடைய பெட்டியில் அத்தர்க் குப்பிகளுக்கும் பேரீத்தம் பழத்துக்கும் நடுவே, தொழிலில் பயன்படும் குப்பிகள் இரண்டும் இருந்தன. ஒன்று மெருகுக் குழம்பு. மற்றது தோலுக்கு இடுவது. இரண்டிலும் ‘மெக்வயர்ஸ்’ என்ற பெயர் இருந்தது. “1901இலிருந்து இருக்கிற கம்பெனி, மாமா” என்றான். 1901இல் மோட்டார் வண்டிதான் ஏது, அதற்கு மெருகுதான் ஏது என்று நமக்கு ஐயம் எழுந்தது. ஐயமே தேடலுக்கு வாயில் அன்றோ? தேடினோம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிராங்க் மெக்வயர் என்பவர் 1901இல் தம் வீட்டுக் கொட்டிலில் தொடங்கியது கார் மெருகுத் தொழில் அன்று. மர நாற்காலி, மேசை, அலமாரிகளுக்கு மெருகிடும் தொழில். முட்டை அடிக்கும் கைக்கருவியால் குழம்பைக் கலக்கி, ஒவ்வொரு குப்பியாக நிரப்பி விற்றார் என்பது அந்நிறுவனத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அக்காலத்தில் குதிரை இல்லாமல் ஓடும் வண்டி புதுமையாக வந்துகொண்டிருந்தது. அவ்வண்டியின் உடல் பெரும்பாலும் மரம். அதன் மேற்பூச்சோ, கோச்சு வண்டிக்கும் வீட்டு மேசைக்கும் பூசிய அதே வார்னிஷ். எனவே, மேசையைப் பளபளக்கச் செய்த குழம்பு வண்டியையும் பளபளக்கச் செய்தது. வாங்கியவர்கள் வழி காட்டினர். செய்தவர் அவ்வழியே நடந்தார். பின்னர் அவருடைய புதல்வர்களும் தொழிலில் இறங்கினர். குடும்பம் கலிபோர்னியாவில் வேரூன்றியது.

இந்நிறுவனம் நூற்றாண்டைக் கடந்து நின்றதன் காரணம் சிந்திக்கத்தக்கது. அது மெருகிட்ட பொருள் ஒரே நிலையில் இருக்கவில்லை. பழைய வார்னிஷ் பூச்சுக் காய்ந்து வண்டி வெளிவர வாரக் கணக்கில் ஆயிற்று. 1920களில் டூபாண்ட் நிறுவனத்தின் ‘டூக்கோ’ என்ற செல்லுலோஸ் பூச்சு வந்தது. வாரங்கள் மணிகளாகக் குறுகின. பின்னர் அக்ரிலிக் பூச்சுகள் வந்தன. 1980களில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற கண்ணாடி போன்ற மேற்பூச்சு இடும் முறை பரவிற்று. அதனைக் ‘கிளியர் கோட்’ என்பர். ஒவ்வொரு மாற்றத்திலும் முந்திய மெருகு பிந்திய பூச்சுக்குப் பொருந்தாமல் போயிற்று. சில வேளைகளில் அதனைக் கீறவும் செய்தது. “எங்கள் பாட்டனார் செய்த குழம்பு இதுதான்” என்று பிடிவாதம் பிடித்திருந்தால், பாட்டனாரோடு தொழிலும் அடங்கியிருக்கும். குழம்பை மாற்றினர், நோக்கத்தை மாற்றவில்லை. பல்லாண்டுகள் பட்டறைக்காரர்களுக்கே விற்றுவந்தவர்கள், 1970களில்தான் பொதுமக்கள் வாங்கும் கடைகளுக்கு வந்தனர். 2008இல் ‘த்ரீ எம்’ என்ற பெருநிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. குடும்பத்தின் கையை விட்டுச் சென்றபின்னும் குடும்பத்தின் பெயரே குப்பியில் நிற்கிறது.

இது நிறுவனத்தின் கதை. தொழிலின் கதையை மருமகன் சொன்னான். நாம் கேட்டது ஒன்றே: “துடைப்பதற்கு என்ன படிப்பு வேண்டும்?” அவன் சினங்கொள்ளவில்லை. நம் மேசையிலிருந்த ஒரு தாளை எடுத்தான்.

“மாமா, இந்தத் தாளின் கனம் ஏறக்குறைய நூறு மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காரின் மேலிருக்கும் எல்லாப் பூச்சும் சேர்ந்தே நூறு முதல் நூற்றைம்பது மைக்ரான்தான் இருக்கும். மேலே இருக்கும் கிளியர் கோட்டோ நாற்பது, ஐம்பதுதான், தலைமுடியைவிட மெல்லியது. கீறலை நாங்கள் மறைப்பதில்லை. கீறலைச் சுற்றியிருக்கும் பூச்சைக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குகிறோம். குழம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகள் இருக்கின்றன, அவைதான் தேய்க்கின்றன. ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் கொஞ்சம் பூச்சுப் போய்விடும். போனது திரும்பி வராது. அதனால் முதலில் மீட்டரை வைத்துக் கனத்தை அளப்போம். அளந்த பிறகு, சில கீறல்களை ‘இருக்கட்டும்’ என்று விட்டுவிடுவோம். துடைக்க யாராலும் முடியும், மாமா. எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் வேலை.”

நாம் முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறோம். மாணவனைத் திருத்துவது எப்படி என்று எத்தனையோ பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கண்டிப்பும் ஒரு தேய்ப்பே என்பதும், ஒவ்வொரு கண்டிப்பிலும் பிள்ளையின் மேற்பூச்சில் ஒரு மென்படலம் போய்விடுகிறது என்பதும், சில கீறல்களை இருக்கட்டும் என்று விட்டுவிடுவதே ஆசானின் கல்வி என்பதும், இத்துணைத் தெளிவாக எவர் வாயிலிருந்தும் நமக்குக் கிடைத்ததில்லை. நம்மிடம் ஓதியவனிடம் அன்று நாம் ஓதினோம்.

மேலும் சொன்னான். வண்டியில் காணும் வட்ட வட்டமான மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போது உண்டாகுபவை. மணல் ஒட்டிய துணியால் துடைப்பதே காரணம். ஆதலால் வாளிகள் இரண்டு வைப்பார்கள். ஒன்றில் சவர்க்கார நீர், மற்றதில் துணியை அலசும் வெறும் நீர். துணி ஒவ்வொரு முறையும் அலசப்பட்ட பின்னரே சவர்க்கார நீரைத் தொடும். வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் தகட்டின்மேல் குழம்பை இடமாட்டார்கள், காய்ந்து கறையாகிவிடும். மேலிருந்து கீழாகவே கழுவுவார்கள். மண் அதிகம் ஒட்டியிருப்பது கீழே. இவற்றைக் கேட்கையில், வரிசையும் வரம்பும் ஓதப்படும் ஒரு கிதாபின் பாபு நம் நினைவுக்கு வந்தது. முறையாகக் கற்று முறையாகச் செய்யும் எத்தொழிலுக்கும் அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு.

அரபு மொழியில் மெருகிடுதலை ‘ஸக்ல்’ என்பர். வாளையும் கண்ணாடியையும் மெருகிடுபவன் ‘ஸைகல்’. பண்டைக் காலத்துக் கண்ணாடி உலோகத் தகடே ஆதலின், மெருகிடுபவன் இல்லையேல் கண்ணாடியும் இல்லை. இமாம் கஸ்ஸாலி அவர்கள் ‘இஹ்யா’வில் ஒரு கதை கூறுகிறார்கள். ரூமியரும் சீனரும் தத்தம் கைத்திறனே பெரிதென்று ஓர் அரசன்முன் வாதிட்டனர். ஒரு மண்டபத்தின் இருபுறச் சுவர்களும் இரு சாராருக்கும் அளிக்கப்பட்டன. இடையே திரை தொங்கவிடப்பட்டது. ரூமியர் அரிய வண்ணங்களால் ஓவியம் தீட்டினர். சீனரோ ஒரு வண்ணமும் கேட்கவில்லை. தம் சுவரை மெருகிட்டுக்கொண்டே இருந்தனர். திரை அகற்றப்பட்டதும் எதிர்ச்சுவரின் ஓவியம் முழுவதும் இச்சுவரில் இன்னும் ஒளியோடு தோன்றிற்று. மௌலானா ரூமி அவர்களும் ‘மஸ்னவி’யில் இக்கதையைச் சொல்கிறார்கள், அங்கே மெருகிட்டவர் ரூமியர். மெருகிடுபவர் எந்நாட்டவராயினும், பரிசு மெருகுக்கே என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். உள்ளத்தின் மெருகுக்கு உவமையாகப் பெரியோர் தேர்ந்தெடுத்த தொழில், மண வீட்டில் மட்டும் இழிந்ததாகிவிடுவது எங்ஙனம்?

இனி, மற்றக் குப்பிக்கு வருவோம். தோலுக்கும் நம் கல்விக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பதனிடப்பெற்ற தோல் தூய்மையாகும் என்பதை ஃபிக்ஹின் முதற்பாடமாகிய தஹாரத்திலேயே ஓதிவிடுகிறோம். எத்தோலுக்கு அது பொருந்தாது என்பதையும் அங்கேயே ஓதுகிறோம். பதனிடுதலுக்கு அரபியர் பயன்படுத்தியது ‘கரழ்’ என்னும் காய். அது கருவேல மரத்தின் காயே என்று அறியும்போது, நம் ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்கும் மரம் திடீரென்று நமக்கு உறவாகிவிடுகிறது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோலைப் பதனிட்டு, தைத்து, அவ்வருவாயைத் தருமம் செய்தார்கள். மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்த நாளில், அவர்களுடைய துணைவியார் அஸ்மா (ரலி) அவர்கள் நாற்பது தோல்களைப் பதனிட்டு முடித்திருந்தார்கள் என்று அறிவிப்புகளில் காண்கிறோம். அந்தக் கைகளில் தோலின் வாடை வீசியிருக்குமே என்று எவரும் முகம் சுளித்ததாகக் கண்டோமில்லை.

வேலூரில் ஓதிய நாட்களில் இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களுக்குச் சென்றிருக்கிறோம். தோல் தொழிலால் செழித்த முஸ்லிம் குடும்பங்கள் மதரஸாக்களுக்கும் கல்லூரிகளுக்கும் வாரி வழங்கிய ஊர்கள் அவை. பழைய முறையில் அங்கே பதனிட்டது ஆவாரம்பட்டையால். அவ்வாறு அரைப்பதமாக்கிய தோல் சென்னைத் துறையிலிருந்து கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வணிகம் பெருகிற்று. அதே ஊர்களில்தான் பிற்காலத்துக் குரோமிய முறையின் கழிவு நீர் பாலாற்றைப் பாழ்படுத்திற்று. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்துக் கண்டிக்கும் அளவுக்கு அது முற்றியது. தொழிலின் பெருமையைச் சொல்பவர் அதன் பழியையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

இத்தனை தோற்கதைகளும் மனத்தில் இருந்தமையால், மருமகனின் குப்பியைக் கண்டதும் நமக்கு ஓர் ஆசை எழுந்தது. நம் உஸ்தாத் மர்ஹூம் ஹஸ்ரத் அவர்கள் நமக்கு அளித்த கிதாபு ஒன்று நம்மிடம் உண்டு, பம்பாய்க் கல்லச்சுப் பதிப்பு, தோலட்டை. சில ஆண்டுகளாக அவ்வட்டை சிவந்த பொடியாக உதிர்கிறது. எடுத்து ஓதினால் வெள்ளைச் சட்டையில் செந்தூள் படிகிறது. “தோலுக்கு இடுவதுதானே? இதற்கும் கொஞ்சம் இடலாமா?” என்று கிதாபை அவனிடம் நீட்டினோம். விற்பனைக்காரனாக இருந்தால் “தாராளமாக” என்றிருப்பான். அவன் உளூவோடு வந்து, அட்டையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, “வேண்டாம், மாமா” என்றான்.

“கார் இருக்கையின் தோல் வேறு. அது குரோமியத்தால் பதனிட்டது. அதன்மேல் நிறமும், அதற்குமேல் பிளாஸ்டிக் போன்ற மெல்லிய பூச்சும் இருக்கும். நாங்கள் பேணுவது பெரும்பாலும் அந்தப் பூச்சைத்தான். வியர்வை, மணல், ஜீன்ஸ் துணியின் நீலம் இவற்றை மெதுவாக எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தோலுக்கு இயல்பிலேயே கொஞ்சம் புளிப்புத் தன்மை உண்டு; காரமான சவர்க்காரம் அதைக் கெடுக்கும். அதனால்தான் இதற்கென்று தனியாகச் செய்கிறார்கள். இந்தக் கிதாபின் தோலோ பூச்சே இல்லாதது; உள்ளேயே நைந்துவிட்டது. குழம்பை இட்டால் கறுத்துப் பிசுபிசுக்கும். எழுத்துக்கும் எண்ணெய் ஏறும். நல்ல தாளில் சுற்றி, அளவான ஒரு பெட்டிக்குள் வையுங்கள். இருப்பது இருக்கும்.”

அவன் சென்றபின் இதனையும் தேடிப் படித்தோம். அவன் சொன்னது முற்றிலும் மெய். தோலின் இந்நோய்க்குச் ‘செம்மக்கல்’ என்று பெயர் சொல்லலாம். நிலக்கரிப் புகையும் எரிவாயு விளக்கும் மிகுந்த நகரங்களில், காற்றிலுள்ள கந்தகம் தோலில் அமிலமாகித் தின்றுவிடுகிறது. இலண்டன் நூலகங்களில் அட்டைகள் உதிரக் கண்டு, அங்குள்ள கலைச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. 1905இல் நூலாக வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, நூலட்டைக்கு மிகவும் ஆகாதவற்றுள் ஒன்றாகக் கிழக்கிந்தியப் பதனீட்டுத் தோலைக் குறிப்பிட்டது. ஆம், நம் ஆவாரம்பட்டைத் தோலேதான்! செருப்புக்கும் சேணத்துக்கும் சிறந்த அத்தோல், நூலட்டைக்கு நெடுநாள் தாங்கவில்லை. பிற்காலத்து நூலகங்கள் ஆட்டு உரோமக் கொழுப்பையும் மாட்டுக் கால் எண்ணெயையும் தடவிப் பார்த்தன. உதிர்ந்த தோலை எண்ணெய் மீட்காது என்று கண்டு, நூல் காப்போர் இன்று அவ்வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டனர். பெட்டியிலிட்டு வைப்பதையே நாடுகின்றனர். பெரும் நூலகங்கள் பல்லாண்டுகளில் கண்டறிந்ததை, விரல் நுனியால் தொட்டுச் சொன்னவனுக்குத்தான் ‘கார் துடைப்பவன்’ என்று பெயர்.

நம் முன்னோர் தொழிலை மறைக்கவில்லை, பெயரோடு சேர்த்துக்கொண்டனர். வக்ஃபுச் சட்டங்களை வகுத்தெழுதிய ஹனஃபி ஃபகீஹ் அபூபக்ர் அல்கஸ்ஸாஃப் அவர்கள், ஹிஜ்ரி 261இல் மறைந்தவர்கள். கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர். பக்தாதின் ஸூஃபியாப் பெரியார் அபூஸயீத் அல்கர்ராஸ் அவர்களின் பெயரில் நிற்பதும் தோல் தைக்கும் தொழிலே. ஃபெஸ் நகரத்து அப்துல் அஸீஸ் அத்தப்பாக் அவர்களின் குடும்பப் பெயருக்குத் தோல் பதனிடுபவர் என்று பொருள். நஹ்வுக் கலையின் இமாம்களில் ஒருவரான அஸ்ஸஜ்ஜாஜ் அவர்கள் கண்ணாடி இழைத்துப் பிழைத்தவர்கள். நாளொன்றுக்கு ஒன்றரை திர்ஹம் வருவாயில் ஒரு திர்ஹத்தை ஆசான் அல்முபர்ரதுக்கு அளித்து இலக்கணம் ஓதினார்கள் என்பது வரலாறு. இப்பெயர்களை நாம் கண்ணியத்தோடு உச்சரிக்கிறோம். அரபியில் இருப்பதால் பொருள் உறைப்பதில்லை போலும்! தமிழாக்கிப் பாருங்கள்: செருப்புத் தைப்பவர், தோல் தைப்பவர், தோல் பதனிடுபவர், கண்ணாடி இழைப்பவர். இவர்களில் எவருக்கேனும் இன்று நம் ஊரில் பெண் கிடைக்குமா?

தொழிலைப் போற்றுவது வேறு. தொழிலாளியின் துன்பத்தை மூடி மெருகிடுவது வேறு. பாலைவன வெயிலின் கடுமை அனைவரும் அறிந்ததே. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கலாகாது என்று அமீரகத்தில் சட்டம் செய்யப்பட்டிருப்பதிலிருந்தே அதன் கொடுமையை உய்த்துணரலாம். மெருகுக்கு ஒளி தருவது கார்னாபா என்ற மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் அது படிகிறது. ஓலையை வெட்டி, உலர்த்தி, அடித்து உதிர்த்து, உருக்கி எடுக்கின்றனர். எண்பது பாகைச் செல்சியஸுக்குமேல் சூடேறினாலன்றி உருகாத உறுதி அம்மெழுகுக்கு உண்டு. ஆனால், அங்கே ஓலை வெட்டும் கூலிகள் சிலர் அடிமை நிலைக்கு ஒப்பான நிலையில் வைக்கப்பட்டிருந்ததை அந்நாட்டுத் தொழில் ஆய்வாளர்கள் கண்டனர். 2017இல் ஜெர்மனியின் தொலைக்காட்சிப் படமொன்றும் அதனை வெளிப்படுத்திற்று. அம்மெழுகு இனிப்புப் பண்டங்களிலும் மாத்திரைகளிலும்கூடச் சேர்கிறது. ஆதலின் ஒரு நிறுவனத்தைச் சுட்டி நாம் இதைச் சொல்லவில்லை. பளபளப்பைக் காண்பவர்கள் அதன் பின்னால் நிற்கும் கைகளையும் காண வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம். அக்கைகளுக்குரிய கூலியைக் கொடுக்காமல் கௌரவத்தை மட்டும் சொல்லால் வழங்குவது வஞ்சகம்.

நம் லாத்தாவிடம் இவ்வளவையும் விரிவாகச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதையெல்லாம் பெண் வீட்டிலே சொல்ல முடியுமா, தம்பி?” என்றார். முடியாதுதான். ஆனால், ஏழு சொற்களில் ஒரு வாக்கியம் சொல்ல முடியும். இரண்டாவது இடத்துக்குச் சொல்லியனுப்பியபோது, “மகன் துபாயில் கார்களுக்கு மெருகிடும் வேலையில் இருக்கிறான், கைத்தொழில்காரன்” என்றே சொல்லச் சொன்னார் லாத்தா. சூப்பர்வைசர் என்ற சொல் வரவில்லை. அவ்வீட்டாரின் மறுமொழியை இதை எழுதும் வரையில் எதிர்பார்த்தே இருக்கிறோம். எப்பதில் வந்தாலும், அந்த நிக்காஹ் மெய்யின்மேல் நிற்கும். பொய்யின்மேல் நின்று, ஒரு விடுமுறைக்குள் உதிர்ந்து கொட்டாது.

பெண்ணைப் பெற்ற நம் சகோதரர்களுக்கு ஒரு சொல். மாப்பிள்ளையின் வேலைக்கு என்ன பெயர் என்று கேட்பதோடு நில்லாதீர்கள். அவ்வருவாய் ஹலாலா என்று கேளுங்கள். பிறகு, “உங்கள் தொழிலை எனக்குச் சற்று விளக்கிச் சொல்லுங்கள், மாப்பிள்ளை” என்று அருகில் அமர்த்திக் கேளுங்கள். தன் தொழிலைக் கற்றுச் செய்பவன் கால் மணி நேரம் பேசுவான். எதைச் செய்யலாம் என்பதோடு, எதைச் செய்யலாகாது என்பதையும் சொல்வான். ஏனோதானோ என்று செய்பவன், நாற்காலியில் அமர்ந்து செய்தாலும், சம்பளத் தொகையோடு பேச்சை முடித்துக்கொள்வான். எவனிடம் உங்கள் மகளை ஒப்படைக்கலாம் என்பது அப்போது உங்களுக்கே புலப்படும். அடுத்தவர் பொருளைத் தன் பொருளைவிடக் கவனமாகப் பேணக் கற்றவனுக்கு, தன் வீட்டைப் பேணத் தெரியாமற் போகாது.

அயல் மண்ணில் யாரோ ஒருவருடைய வண்டியை, யாரோ ஒருவருடைய மாளிகையை, யாரோ ஒருவருடைய பிள்ளையைப் பேணி, அக்கூலியில் நம் ஊர்களின் வீடுகளையும் மதரஸாக்களையும் நிமிர்த்தி வைத்திருக்கும் எண்ணற்ற பிள்ளைகள் நம் சமுதாயத்துக்குண்டு. விடுமுறையில் அவர்கள் ஊருக்கு வரும்போது, என்ன கொண்டுவந்தாய் என்று பெட்டியைப் பார்க்கிறோம். இனி, என்ன கற்றுவந்தாய் என்று அவர்களுடைய கைகளையும் பார்ப்போமாக.